கூடாரத்தோடு ஓர் இரவு: யாழ்ப்பாணக் கரைகளுக்குக் குடும்பமாகப் போகிறவர்களுக்கு

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிடும், வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்து நிற்பார்கள், "ஒரு இரவு கடற்கரையில் படுத்து எழும்பினால் என்ன?" என்று யாரோ ஒருவர் தொடங்கி வைப்பார். பகலில் போய்க் கூழ் காய்ச்சிக் குடித்துவிட்டு வருவது ஒரு வேலை. இரவு தங்குவது முற்றிலும் வேறு வேலை. பகலில் மறந்த சாமானைச் சந்திக் கடையில் வாங்கலாம். இரவு 11 மணிக்குப் பிள்ளைக்கு வயிற்றாலை போகத் தொடங்கினால் கையில் என்ன இருக்கிறதோ அதுதான்.

கீழே உள்ளது இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், ஓர் இரவு என்ற கணக்குக்கு எழுதியது. ஆட்கள் கூடினால் அளவைப் பெருக்கிக்கொள்ளுங்கள். எந்த முடிவு எடுக்கும்போதும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம், அந்த நேரத்தில் வாகனம் எங்கே நிற்கும்?

1. இடத்தை அழகை வைத்துத் தெரிவு செய்யாதீர்கள்

முதல் தடவை போகிறவர்களுக்குக் காரைநகர் கசூரினா கரையோ வேலணை சாட்டிக் கரையோ போதும். இரண்டுக்கும் தரைவழியாக வாகனத்தில் போய்வரலாம். கசூரினாவுக்குப் பொன்னாலைப் பாலத்தாலும் சாட்டிக்குப் பண்ணைப் பாலத்தாலும் போகவேண்டும். கசூரினாவில் நெடுந்தூரத்துக்குக் கடல் ஆழமில்லை.

மணற்காடு வேறு மாதிரி. மணல்மேடுகளும் சவுக்கங்காடும் கண்ணைப் பறிக்கும். ஆனால் முன்னால் இருப்பது திறந்த வங்கக்கடல், அலை பெரிது. வாகனம் மணலுக்குள் புதைந்தால் அதை எடுக்கவே ஒரு மணித்தியாலம் போகும். அங்கே போனால் வாகனத்தைத் தார் வீதியிலேயே நிறுத்திவிட்டுச் சாமானைத் தோளில் கொண்டுபோங்கள். கிட்ட உள்ள பெரிய ஆஸ்பத்திரி பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை.

நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டிய நிலை வந்தால் நோயாளியைக் கடலைத் தாண்டித்தான் கொண்டுவர வேண்டும். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை, கர்ப்பிணி, இதய வருத்தக்காரர், ஆஸ்துமாக்காரர் யாராவது இருந்தால் நெடுந்தீவில் கூடாரம் வேண்டாம். பகலில் போய்க் குதிரையையும் பெருக்குமரத்தையும் பார்த்துவிட்டு அன்றே திரும்புங்கள். படகு நேரங்கள் காலநிலைக்கு ஏற்ப மாறும். அதனால் முதல் நாள் பின்னேரம் இறங்குதுறையில் கேட்ட நேரத்தை மட்டும் நம்புங்கள், போன வருடம் போனவர் சொன்னதை நம்பாதீர்கள்.

சுண்டிக்குளம் தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அதற்குள் கூடாரம் அடிக்கக் கூடாது. "ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள்.

இன்னொன்று. முகமாலை, நாகர்கோவில், கிளாலிப் பக்கங்களில் கண்ணிவெடி இருந்த நிலங்கள் உண்டு. வடமராட்சி கிழக்கில் எங்கே தங்கினாலும் ஊர்ச்சனம் தினமும் நடக்கிற பாதையை விட்டு விலகாதீர்கள். சிவப்புப் பலகையில் மண்டையோட்டுச் சின்னம் இருந்தால் அதற்கு அங்கால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. மழைக்குப் பிறகு மணலிலிருந்து வெளியே தெரிகிற இரும்புச் சாமான் எதையும் பிள்ளைகள் தொடக்கூடாது என்று வீட்டிலேயே சொல்லி வையுங்கள். கண்டால் இடத்தைத் தூரத்தில் அடையாளம் வைத்துவிட்டு 119 க்கு அறிவியுங்கள்.

2. மாதமும் காற்றும்

பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். மாரி முடிந்திருக்கும், கடல் அடங்கியிருக்கும், சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பியிராது. ஏப்ரல் நடுவில் நடு உச்சியில் சூரியன் நேரே தலைக்கு மேல் வரும், அதனால் பகல் 11 மணி தொடங்கி 3 மணி வரை நிழல் இல்லாத கரையில் பிள்ளைகளை வைத்திருக்க முடியாது.

மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை சோளகக் காற்று. தீவுப்பக்கக் கடல் குழம்பும், கூடாரம் பலூன் மாதிரி ஊதும், சோற்றுக்குள் மணல் விழும். ஒக்ரோபரிலிருந்து ஜனவரி வரை மழையும் வாடையும். நவம்பர், டிசம்பரில் வங்கக்கடலில் தாழமுக்கம் உருவாகிச் சூறாவளியாகலாம். அந்த மாதங்களில் டெங்குவும் கூடும். போகவே வேண்டாம்.

புறப்பட 3 நாளுக்கு முதலும் புறப்படும் காலையிலும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பாருங்கள். மீனவர்களுக்கான எச்சரிக்கை வந்திருந்தால் பயணம் இல்லை. வான்காரருக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும்.

ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் பின்னேரத்து இடிமின்னல் தனிக்கதை. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 வரை எண்ண முடியாவிட்டால் எல்லோரும் வாகனத்துக்குள் ஏறிக் கண்ணாடியை மூடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் இறங்கவேண்டும். கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பே இல்லை, தனிப்பனை அதைவிட மோசம்.

3. அனுமதியும் கடதாசியும்

பொதுக்கரையில் நுழைவுச்சீட்டு எடுத்தால் இரவு தங்கலாம் என்று நினைப்பதுதான் அதிகம்பேர் விடுகிற பிழை. அந்தச் சீட்டு பகலுக்கு மட்டுந்தான். இரவு தங்குவதற்குக் குறைந்தது 10 நாளுக்கு முதல் பின்வரும் வரிசையில் அலுவலைப் பாருங்கள்.

முதலில் அந்தக் கரை எந்தப் பிரதேச சபைக்குரியது என்று பார்த்து, செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். திகதி, வரும் நேரம், போகும் நேரம், ஆட்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், "குப்பையை நாங்களே எடுத்துச் செல்வோம்" என்ற வசனம், இவை இருந்தால் போதும். நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் கிடைத்த திகதியை முத்திரையோடு வாங்குங்கள். அந்த முத்திரைப் பிரதியைக் காட்டிப் பொலிஸ் நிலையத்தில் ஒரு பிரதி கொடுங்கள். மூன்றாவதாக விதானையாருக்கு (கிராம அலுவலருக்கு) ஒரு தொலைபேசி அழைப்பு. நாலாவதை ஒருவரும் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் இரவில் உண்மையில் உதவுவது அதுதான்: அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒருவரைக் கண்டு பேசுங்கள். கரைவலை இழுக்கும் பாடு (வலை இழுக்கும் கரைத்துண்டு) எது, வள்ளம் ஏற்றும் இடம் எது, எந்த இடத்தில் கடல் இழுக்கும் என்று அவர் 5 நிமிடத்தில் காட்டிவிடுவார். அந்தப் பாட்டுக்குள் கூடாரம் அடித்தால் விடிய 4 மணிக்கு வந்து எழுப்புவார்கள், அது அவர்களின் பிழையில்லை.

தனியார் காணியென்றால் சொந்தக்காரரின் பெயர், தொலைபேசி இலக்கம், அவர் தந்த சம்மதத்தின் ஒரு வரி, இவை எழுத்தில் இருக்கட்டும். காணிக்காரர் கனடாவில், பார்க்கிறவர் ஊரில் என்றால் இரண்டு பேரிடமும் கேளுங்கள். சவுக்கங்காட்டுக்குள் என்றால் வனத் திணைக்களத்திடமும் கேட்கவேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை: பெரியவர்களின் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் கடவுச்சீட்டும் விசாப் பக்கமும் (மூலம் வாகனத்தில், பிரதி பையில்), வாகனக் காப்புறுதி, கிளினிக் கொப்பி. கிளினிக் கொப்பியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று இரவில் அம்மம்மாவிடம் கேட்டால் "வெள்ளைக் குளிசை" என்றுதான் சொல்லுவா.

எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டில் நிற்கிற ஒருவருக்கு அனுப்புங்கள். அவரிடம் இடத்தின் வரைபடக் குறியையும், "நாளை பகல் 12 மணிக்குள் எங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால் இந்த இலக்கத்துக்கு எடு" என்ற வரியையும் கொடுங்கள்.

4. காசு எங்கே போகும்

செலவில் பெரியது வாகனம். வான் பிடிக்கும்போது பெரும்பாலானோர் போகவர மட்டும் விலை பேசுவார்கள். பிறகு இறக்கிவிட்டு வான் ஊருக்குப் போய்விடும். இரவு முழுக்க வான் உங்களோடு நிற்கவேண்டும், சாரதியும் நிற்கவேண்டும், அவருடைய சாப்பாடும் படுக்கையும் உங்களுடையது. இந்த மூன்றையும் சேர்த்து விலை பேசுங்கள். கூடத்தான் வரும், குறைக்காதீர்கள். சொந்த வாகனமென்றால் தாங்கி அரைவாசிக்குக் குறையாமல் எரிபொருள் இருக்கட்டும். வாகனம் ஓடத்தெரிந்த ஒருவர் அன்றிரவு குடிக்கக் கூடாது.

கூடாரத்தை முதல் தடவை வாங்காமல் வாடகைக்கு எடுங்கள். "நாலு பேர் கூடாரம்" என்று எழுதியிருந்தால் நாலு பேர் நெத்தலி அடுக்கினது மாதிரிப் படுக்கலாம், பை வைக்க இடமிருக்காது. நாலு பேருக்கு ஆறு பேர் கூடாரம் எடுங்கள். எடுக்கும்போது கடையிலேயே விரித்துக் கம்பிகளை எண்ணுங்கள். சிப்பு (ஜிப்) இரண்டு பக்கமும் ஓடுகிறதா, வலையில் ஓட்டை உண்டா, மழைமூடி தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். கிழிசலைப் படமெடுத்து வைத்தால் வைப்புப்பணம் திரும்பும்போது சண்டை வராது.

கைக்காசைச் சின்னத் தாளாக வைத்திருங்கள். கரையோரக் கடைகளில் அட்டையும் ஓடாது, பெரிய தாளுக்கு மிச்சமும் இராது. 1990 சுவசெரிய அம்புலன்சுக்கும் அரச ஆஸ்பத்திரிக்கும் காசில்லை, அந்தப் பயத்தில் யாரும் தாமதிக்க வேண்டாம்.

5. வளவுக்குள் ஒத்திகை

புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முதல் வீட்டு வளவுக்குள் கூடாரத்தை அடித்து ஓர் இரவு படுங்கள். கூடாரம் அடிக்க எத்தனை நிமிடம் என்று மணிக்கூட்டைப் பாருங்கள். முதல் தடவை 40 நிமிடம் போகும், இரண்டாம் தடவை 15. பிறகு மூன்று வாளித் தண்ணியை மேலே ஊற்றிவிட்டு உள்ளே கையை வைத்துத் தையல்களைத் தடவுங்கள். எந்தப் பிள்ளை இரவில் எழும்பி நடக்கும், யாருக்கு இருட்டில் பயம், ரோச் லைற் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதெல்லாம் இந்த இரவில் தெரிந்துவிடும். அயலவர் சிரிப்பார்கள், பரவாயில்லை.

6. தண்ணி

நாலு பேருக்கு 24 மணித்தியாலத்துக்கு: குடிக்க 12 லீற்றர், சமைக்க 6, கைகால், பாத்திரம், பிள்ளைகளுக்குக் கால்கழுவ 12. மொத்தம் 30. இரண்டு 20 லீற்றர்க் கான் எடுத்தால் 10 லீற்றர் கையிருப்பு. கான்களை நிழலில், துணி மூடி வையுங்கள். ஒன்று குடிக்க, ஒன்று கழுவ என்று நிறநாடா கட்டி அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் குடிதண்ணியில் சட்டி கழுவியிருப்பார்கள்.

கரையோரக் கிணற்றை நம்பாதீர்கள். தீவுப்பக்கங்களில் பல கிணறுகள் உவர். குளோரின் குளிசை கிருமியைக் கொல்லும், உவரை எடுக்காது. குடாநாட்டுச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணியில், தோட்டக்காணிகளுக்குக் கிட்ட, நைத்திரேற்று கூடியிருக்கும். கொதிக்கவைத்தால் அது குறையாது, தண்ணி வற்ற வற்றச் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு மாப்பால் கரைக்கிறதென்றால் அடைத்த போத்தல் தண்ணிதான், அதையும் கொதிக்கவைத்து ஆற்றிக் கரைக்கவேண்டும்.

வயிற்றாலை போனால் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பக்கற் 6 கொண்டுபோங்கள். ஒரு பக்கற்றுக்குச் சரியாக 1 லீற்றர். அரைப் பக்கற்றை அரைக் கோப்பையில் கரைப்பது பிழை, உப்புக் கூடிவிடும். பக்கற் முடிந்தால் 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணியில் 6 மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. பிள்ளை 6 மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டால், அழுதும் கண்ணீர் வராவிட்டால் கூடாரத்தில் வைத்திருக்காதீர்கள்.

7. சாப்பாடும் நெருப்பும்

தேங்காய்ப்பால் விட்ட கறியை வீட்டில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள், வெக்கைக்குப் பின்னேரமே புளித்துவிடும். முதல் நேரத்துக்குக் கட்டுச்சோறு, இரவுக்கு அங்கே சமைக்கும் ஒரு சாமான், காலைக்குப் பாண், வாழைப்பழம், பனங்கட்டியோடு தேத்தண்ணி. ஒடியல் கூழ் காய்ச்சுவதென்றால் கவனம்: மாவை ஊறவைத்துக் கசப்புத் தண்ணியை வடிக்கவும், கழுவவும், காய்ச்சவும் 10 லீற்றர் கூடுதலாகப் போகும். கரையில் வாங்கும் மீனில் பேத்தை இருந்தால் எறிந்துவிடுங்கள். அதன் நஞ்சு அவித்தாலும் பொரித்தாலும் போகாது.

சமையலுக்கு ஒற்றைச் சிறிய காஸ் அடுப்பே நல்லது. குழாய்ப் பொருத்தில் சவர்க்காரத் தண்ணியைத் தடவி, குமிழி வருகிறதா பாருங்கள். படகில் காஸ், பெற்றோல் ஏற்றுவதென்றால் படகுக்காரரிடம் முன்னரே கேளுங்கள்.

விறகு நெருப்பு வேண்டுமென்றால் கூடாரத்திலிருந்து 15 அடிக்கு மேல் தள்ளி, காற்று போகும் பக்கமாக மூட்டுங்கள். பன்னாடையும் காவோலையும் சட்டென்று பிடிக்கும், பொறி பறக்கும். காற்றுள்ள இரவில் அவற்றை விட்டுவிட்டு ஊமலை (காய்ந்த பனங்கொட்டையை) பாவியுங்கள், அமைதியாக எரியும். பனைக்குக் கீழே நெருப்பும் வேண்டாம், கூடாரமும் வேண்டாம். தொங்குகிற காய்ந்த ஓலை தீக்குச்சி மாதிரி.

இப்போது சொல்லப்போவதுதான் இந்தப் பகுதியில் முக்கியமானது. நெருப்பை மணல் போட்டு மூடாதீர்கள். மேலே மணல் ஆறிக் கிடக்கும், கீழே தணல் விடியும்வரை உயிரோடு இருக்கும். காலையில் பிள்ளை வெறுங்காலோடு அதற்கு மேல் ஓடும். இரண்டு வாளிக் கடல்தண்ணியை ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டப் பிடித்துச் சூடு இல்லையென்றால்தான் அணைந்தது. சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குளிர்தண்ணி. பற்பசை, மை, தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். கழுவக் கொண்டுபோன கான் இதற்கும் வேண்டியிருக்கும்.

கூடாரத்துக்குள் அடுப்பு, கரிச்சட்டி, நுளம்புத்திரி எதையும் ஏற்றாதீர்கள். நைலோன் உருகிப் பிடிக்க சில நொடி போதும். கரிப்புகைக்கு மணமில்லாத நஞ்சும் உண்டு, தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும்.

8. கூடாரத்தை எங்கே, எப்படி அடிப்பது

பின்னேரம் 3 மணிக்கு வந்து சேருங்கள், 5 மணிக்குள் கூடாரம் நிமிர்ந்திருக்க வேண்டும். கரையில் காய்ந்த சாதாழை (கடல்தாவரம்) ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். கடல் ஏறுகிற எல்லை அது. அதிலிருந்து 30 கவடு தரைப்பக்கம் தள்ளுங்கள். தென்னைக்குக் கீழே, வாய்க்கால் மாதிரிப் பள்ளத்தில், மாடு நடக்கும் பாதையில் அடிக்காதீர்கள். இராவணன் மீசைப் புல்லையும் பனங்கருக்கு மட்டையையும் ஒதுக்கி, இடத்தைக் கையுறை போட்ட கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு கருக்கு மட்டைத் துண்டு கூடார அடியையும் கிழிக்கும், பிள்ளையின் காலையும் கிழிக்கும். கீழே ஒரு படங்கு விரியுங்கள். அதன் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது, நின்றால் மழைத்தண்ணியை வாங்கி உங்களுக்குக் கீழே விட்டுவிடும்.

கூடாரத்தோடு வரும் கம்பி ஆணிகள் மணலில் நிற்காது. 8 வெறும் உரப்பை கொண்டுபோங்கள். ஒவ்வொன்றிலும் கால்வாசி மணலை நிரப்பி வாயைக் கட்டி, கழுத்தில் கூடாரக் கயிற்றை முடியுங்கள். முழங்கை ஆழத்துக்குக் கிடங்கு வெட்டிப் பையைக் குறுக்காக வைத்து, மணலைத் தள்ளி, ஏறி மிதித்து, ஒரு வாளி கடல்தண்ணியை ஊற்றுங்கள். கயிறு கூடாரத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்து மணலுக்குள் போகவேண்டும். நேரே செங்குத்தாகப் போனால் முதல் காற்றிலேயே பை மேலே வந்துவிடும். நாலு மூலைக்கு நாலு, நாலு இழுகயிற்றுக்கு நாலு. வாசல் காற்றுக்கு முதுகு காட்டவேண்டும். கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டுங்கள், இரவில் தடுக்கி விழுவார்கள்.

9. பாம்பு, தேள், நாய்

கூடாரத்துச் சிப்பு எப்போதும் மூடியே இருக்கவேண்டும். "ஒரு நிமிடத்துக்கு" என்று திறந்து வைப்பதுதான் வினை. செருப்பையும் சப்பாத்தையும் ஒரு பையில் போட்டுக் கட்டி உள்ளே வையுங்கள், காலையில் உதறிப் போடுங்கள். சாப்பாட்டு மிச்சம் எலியைக் கூப்பிடும், எலி பாம்பைக் கூப்பிடும். அது நாயையும் கூப்பிடும், ஆகவே மூடியுள்ள வாளியில் போட்டு வாகனத்துக்குள் வையுங்கள். இருட்டில் நடந்தால் ரோச் லைற்றும் மூடிய சப்பாத்தும் வேண்டும்.

கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு ஒன்று கையில் இருக்கட்டும். அந்த வெளிச்சத்தில் தேள் பச்சையாக மினுங்கும். படுக்கமுதல் கூடாரத்தைச் சுற்றி 10 அடிக்கு ஒரு சுற்று வந்தால் கல்லுக்கும் மட்டைக்கும் இடையில் இருப்பது தெரிந்துவிடும். குடாநாட்டில் கொடிய தேள் உண்டு. பெரியவருக்கு வலியோடு போகலாம். பிள்ளைக்கு வியர்வை, வாந்தி, கைகால் குளிர்தல் வந்தால் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். பிள்ளைக்குக் கொட்டினாலே ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்வது நல்லது.

பாம்பு கடித்தால்: ஆளைப் படுக்கவையுங்கள், நடக்கவிடாதீர்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட காலை ஒரு மட்டையோடு சேர்த்து, முறிந்த எலும்புக்குக் கட்டுவது போலத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். நேரத்தை எழுதுங்கள். 1990 க்கு எடுங்கள், அல்லது நிற்கிற வாகனத்தில் கிளம்புங்கள். இறுக்கிக் கட்டுவது, வெட்டுவது, உறிஞ்சுவது, கல் வைப்பது எதுவும் வேண்டாம். விசகடி வைத்தியரிடம் முதலில் போய்விட்டு வருவோம் என்று கூட வந்த மூத்தவர் யாராவது சொல்லக்கூடும். மரியாதையாக, ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள். தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் போதும்.

கட்டுவிரியன் இரவில் தரையில் படுக்கிறவரைக் கடிக்கும், கடித்த இடம் வலிக்காது, அடையாளமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் ஒருவர் வயிற்றுவலி, கண்ணிமை தூக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை என்று எழும்பினால் நேற்றுச் சாப்பிட்ட மீனைக் குறைசொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரி.

நாய் கடித்தால், நகம் கீறினாலும், 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணியில் கழுவி, அன்றே விசர்நாய்த் தடுப்பூசிக்குப் போங்கள்.

10. கடல்

நீந்தத் தெரியாத பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில். ஒரு பெரியவர் பார்க்கும் வேலை மட்டும் செய்யவேண்டும், கையில் தொலைபேசி இல்லாமல், 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறி. எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை. பின்னேரம் 5 மணிக்குப் பிறகு குளிப்பில்லை. தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும்போது லொறி ரியூப்பும் காற்றடித்த மெத்தையும் வேண்டாம். பத்து நிமிடத்தில் எட்ட முடியாத தூரத்துக்குப் போய்விடும். படகில் உயிர்காப்பு அங்கியை இருக்கைக்குக் கீழே வைக்காமல் உடம்பில் போடுங்கள்.

சேற்றுக் கடலில் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணிக்குள் காலை 30 நிமிடத்துக்கு மேல் வையுங்கள், குத்திய முள்ளைப் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சூட்டைப் பெரியவர் கைவைத்துப் பார்க்கவேண்டும். சொறி (ஜெலிமீன்) பட்டால் கடல்தண்ணியால் கழுவுங்கள், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள்.

தண்ணிக்குள்ளிருந்து எடுத்தவருக்கு மூச்சில்லாவிட்டால் தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தை வீணாக்கும். வாயோடு வாய் 5 மூச்சு, பிறகு நெஞ்சு நடுவில் 30 அமுக்கு, 2 மூச்சு, அப்படியே அம்புலன்ஸ் வரும்வரை. இதை வாசித்துப் பழக முடியாது, போகமுதல் முதலுதவி வகுப்பில் வீட்டில் ஒருவராவது பழகியிருக்கட்டும்.

11. மருந்துப் பெட்டியும் தொலைபேசியும்

மூடிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள்: பரசிற்றமோல் குளிசையும் பிள்ளைகளின் பாணியும், வெப்பமானி, ஜீவனி, அகலத் துணிச்சுற்று 4, காயத்துணி 10, பிளாஸ்ரர், கத்தரிக்கோல், சாமணம், கையுறை, தினமும் குடிக்கும் மருந்து இரண்டு நாளுக்கு, ஆஸ்துமாக்காரரின் பம்ப். பிள்ளைக்குப் பரசிற்றமோல் ஒரு தடவைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 4 தடவைக்கு மேல் இல்லை. 14 கிலோப் பிள்ளைக்கு 210 மில்லிகிராம். அது எத்தனை மில்லிலீற்றர் என்று போத்தலைப் பார்த்து வீட்டிலேயே கணக்குப் போட்டு மூடியில் எழுதி ஒட்டுங்கள். காய்ச்சலுக்கு அஸ்பிரின், ஐபுபுரோபன் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தம் கசியும்.

இலக்கங்களைத் தொலைபேசியில் மட்டும் வைக்காமல் அட்டையில் எழுதிப் பெட்டி மூடிக்குள் ஒட்டுங்கள்: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவம் 117, தீயணைப்பு 110. அழைக்கும்போது இடம் சொல்லத் தெரியவேண்டும். "கசூரினாவில் நிற்கிறோம்" போதாது, "வாகனத் தரிப்பிடத்திலிருந்து வெளிச்சவீட்டுப் பக்கம் 300 கவடு" என்று சொல்லவேண்டும். வந்தவுடன் ஒரு பெரியவர் இந்த வசனத்தைத் தயார்செய்து அந்த அட்டையிலேயே எழுதட்டும். கூடாரம் அடிக்கமுதல் ஒரு சோதனை அழைப்பு எடுத்துப் பாருங்கள். சமிக்ஞை இல்லையென்றால் வேறு இடம்.

12. திரும்பும் காலை

8 மணிக்குள் கூடாரத்தைக் கழற்றுங்கள், வெயில் ஏறினால் பிள்ளைகள் ஒத்துழைக்க மாட்டார்கள். உரப்பைகளைக் கிண்டி எடுங்கள், ஒன்றும் மணலுக்குள் மிஞ்சக்கூடாது. அந்தப் பைகளிலேயே குப்பை வீட்டுக்கு வரட்டும். வீட்டில் காத்திருக்கும் ஆளுக்குப் புறப்படும்போது ஓர் அழைப்பு, சேர்ந்ததும் ஓர் அழைப்பு.

வீட்டுக்கு வந்ததும் கூடாரத்தை முற்றத்தில் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி உதறி, நல்லதண்ணியால் உப்பைக் கழுவி, கொடியில் இரண்டு நாள் காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும், வாடகைக் கடையில் வைப்புப்பணமும் போகும். பைகளை அறைக்குள் கொண்டுபோகாமல் விறாந்தையில் கொட்டுங்கள், உள்ளே ஏறி வந்த தேள் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்த இரண்டு கிழமைக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் "வெயில் காய்ச்சல்" என்று விடாதீர்கள். இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை எடுங்கள், வைத்தியரிடம் எந்தக் கரையில், எந்தத் திகதியில் படுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.